கோயில் கொடை விழாவில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

வில்லுப்பாட்டுப் புலவர்களுக்கும், கணியான் கூத்தில் முன்நின்று பாடும் அண்ணாவிகளுக்கும், வரி கொடுத்துக் கொடை நடத்தும் கோயில் வரிதாரர்களுக்கும், கதை சொன்ன ஆச்சிமாருக்கும், பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கல்லூரி மலர்களில் முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் நன்றி சொல்லப் பக்கம் ஒதுக்குவார்கள். விடிய விடிய உடுக்கடித்தவருக்கு ஒதுக்குவதில்லை. 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி நூறு வயதைக் கடந்துவிட்டது. மக்களின் கதை, பாட்டு, சடங்குகளைப் பற்றிய நாட்டார் வழக்காற்றியலை அங்கே படித்த நாங்கள் பாதிப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியில்தான் படித்தோம். அதனால் இந்த மடல் முதலில் உங்களுக்கு. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள்தானே எங்களை உங்களிடம் அனுப்பினார்கள்!

துறையைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். சேசு சபையார் நடத்தும் இந்தக் கல்லூரியில் 80களின் பிற்பகுதியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் உருவானது. அருட்தந்தை பிரான்சிஸ் ஜெயபதி அதை முன்நின்று வளர்த்தார். ஃபோர்டு அறக்கட்டளை பண உதவி செய்தது. தமிழ்ப் பேராசிரியர் தே. லூர்து எழுதிய 'நாட்டார் வழக்காற்றியல்: சில அடிப்படைகள்' என்ற நூலை இன்றைக்கும் இந்தப் பாடத்துக்குள் வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்கிறார்கள். எம்.ஏ. வகுப்பு, முனைவர் பட்ட ஆய்வு, நூல் வெளியீடு, ஒலிப்பதிவு என்று அப்புறம் எல்லாம் வளர்ந்தது.

"சாமியாடுறதுக்கும் எம்.ஏ. இருக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அதைவிடக் கூர்மையான கேள்வி, "கத்தோலிக்கக் காலேஜுல சுடலைமாடனுக்கு என்ன வேலை?" என்பது. நியாயமான கேள்விதான். 19ஆம் நூற்றாண்டில் இதே திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள் ஊர்த் தெய்வங்களான சுடலையையும் இசக்கியையும் பேய் என்றே எழுதி வைத்தார்கள். அந்தப் பேய்களின் கதையை அங்கி போட்ட சாமியார் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து கேட்பதும், அதைத் தேர்வுக்குரிய பாடமாக வைப்பதும் சின்ன மாற்றம் இல்லை. எங்கள் துறை செய்ததில் பெரியது எது என்று என்னைக் கேட்டால், நூல்களையும் கருத்தரங்குகளையும் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் சொல்வேன். அதற்காகச் சேசு சபைத் தந்தையருக்கு நன்றி. 1578இல் சேசு சபையின் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்ட காலத்திலிருந்தே இந்தக் கரையில் தமிழ் படித்த சபை அது. ஆனால் அன்று அவர்கள் சொல்ல வந்தார்கள். எங்கள் காலத்தில் கேட்க உட்கார்ந்தார்கள்.

கல்லூரிக்கு வெளியே இன்னொருவருக்கும் கடன் உண்டு. பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்திக்கொண்டே, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழையும் நடத்திய நா. வானமாமலை. முத்துப்பட்டன் கதை உட்படப் பல கதைப்பாடல்களை அவர் பதிப்பித்துத் தந்தார். ஒரு மார்க்சியர் போட்ட பாதையில் சாமியார்கள் நடந்தார்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியாது.

சரி, புலவர்களே, உங்களிடம் வருகிறேன். முத்துப்பட்டன் கதையை நாங்கள் முதலில் அச்சில்தான் படித்தோம். பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரைக் கட்டிக்கொள்வதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செருப்புத் தைக்க உட்கார்கிறான். அச்சில் அது ஒரு கதை, அவ்வளவுதான். நீங்கள் வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கிய பிறகுதான் கதை எங்கே நீள வேண்டும், எங்கே சுருங்க வேண்டும் என்பதைத் தாளில் பார்க்க முடியாது என்று புரிந்தது. பாடிக்கொண்டே உங்கள் கண் சாமியாடியின் மேல் இருந்தது. அவர் உடம்பில் நடுக்கம் வரவில்லை என்றால் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டை இன்னொரு சுற்று சுற்றினீர்கள். வந்துவிட்டால் பாதி வரியிலேயே வெட்டிவிட்டு மேளத்துக்கு வழிவிட்டீர்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு நேரம் தவறக் கூடாது என்ற கணக்கும் உங்கள் தலைக்குள் ஓடியது. பனுவல், சூழல், நிகழ்த்துதல் என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டதை நீங்கள் ஒரே ராத்திரியில் காட்டினீர்கள். குடம் அடிக்கிறவர் இடையில் எங்களைப் பார்த்துச் சிரித்ததையும் சொல்ல வேண்டும். தூங்கி விழுந்துகொண்டிருந்தோம்.

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில், ஆடி அமாவாசைக் கூட்டத்தில், முத்துப்பட்டனே சாமியான பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்து கட்டியிருப்பதை எங்களுக்குக் காட்டி விளக்கியவர்களுக்கும் நன்றி. ஒரு கதை எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே தொங்கிய தோல்செருப்புகளிடம் படித்தோம்.

அண்ணாவிகளே, மகுடம் என்னும் பறையை ஓலைத் தீயில் காய்ச்சும் நேரத்தில் வந்து தொணதொணவென்று கேள்வி கேட்ட எங்களை நீங்கள் விரட்டியிருக்கலாம். உச்சமாக ஒலிக்கும் மகுடத்துக்கும் மந்தமாக ஒலிக்கும் மகுடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பிடிக்கும்வரை தட்டிக்காட்டினீர்கள். பெண் வேடம் கட்டி ஆடிய அண்ணன்மார், அரிதாரத்தைக் கலைத்தபடியே தங்கள் கூலியைப் பற்றியும், கொடை இல்லாத மாதங்களைப் பற்றியும் மறைக்காமல் பேசினார்கள். ஆட்டத்தைப் பற்றிய குறிப்புகளைவிட அந்தப் பேச்சுதான் என் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பாக நின்றது.

வரிதாரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. பெண் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கோயிலடியில் இருப்பதென்றால் எங்கள் வீட்டில் கிளம்பியிருந்த பயம் உங்களுக்கும் தெரிந்திருந்தது. யார் வீட்டுத் திண்ணையில் படுப்பது, யார் கூடத் துணைக்கு வருவது என்று நாங்கள் கேட்காமலே ஏற்பாடு செய்தீர்கள். எந்தச் சாதி என்று சிலர் கேட்டதும் உண்மை. பதில் தெரிந்த பிறகு சில வீடுகளில் தண்ணீர்ச் செம்பு வந்த விதம் மாறியதும் உண்மை. நன்றி மடலில் அதை விட்டுவிட்டால் நாங்கள் படித்த படிப்புக்கு மரியாதை இல்லை. அதே தெருவில், செம்பை நீட்டும்போது எதையும் பார்க்காத ஆச்சிமாரும் இருந்தார்கள்.

ஆச்சிமாரே, உங்களுக்குத்தான் எவ்வளவு எழுதினாலும் போதாது. தாலாட்டு கேட்டால் உடனே பாடினீர்கள். ஒப்பாரி கேட்டால் முகம் மாறியது. "நல்லா இருக்கிற வீட்டுக்குள்ள அதப் பாடக்கூடாது ஏட்டி, வா" என்று கிணற்றடிக்கும் களத்துமேட்டுக்கும் கூட்டிப்போனீர்கள். எங்களுக்காக மாதிரிக்குப் பாட ஆரம்பித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் போன மகனையும் போன புருசனையும் நினைத்து நிஜமாகவே அழுதீர்கள். பதிவுக் கருவியை நிறுத்துவதா, ஓட விடுவதா என்று எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. "ஓடட்டும், போனவுக பேரு அதுல இருக்கட்டும்" என்று நீங்களே முடிவு செய்தீர்கள். பீடி சுற்றிக்கொண்டே, விரல் நிற்காமல், ராசகுமாரன் கதையை ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோனவர்களும் உங்களில் உண்டு. ரஷ்யக் கதைகளில் 31 செயல்களைக் கண்ட ஆய்வாளர் பிராப்பின் அட்டவணையை வைத்துக்கொண்டு உங்கள் கதையை நாங்கள் அளந்தோம். சில இடங்களில் பொருந்தியது. பொருந்தாத இடங்களில் கதை இன்னும் நன்றாக இருந்தது.

உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில், பெட்டிக்குள் பாதுகாத்த நாடக நோட்டுகளை எங்கள் கண்ணில் காட்டிய பெரியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்கள் மாடன் கோயிலுக்குப் போன அளவுக்கு மாதா கோயில் தேரடிக்கும் போனார்கள்.

ஒலிநாடாக்களுக்கு எண் போட்டு, பூஞ்சை பிடிக்காமல் துடைத்து அடுக்கிய ஊழியர்களே, நீங்கள் இல்லை என்றால் இந்தக் குரல்களில் பலவற்றை இன்று கேட்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் நாடா கொடுத்திருந்தாலும் போட்டுக் கேட்கக் கருவி இல்லாத வீடுகள் அவை. இன்று பேரப்பிள்ளைகள் எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, நாங்கள் எடுத்த பதிவுகளின் படியை அவரவர் குடும்பத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். உறையில் ஊர்ப் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கும். பெயர் அழிந்துபோன பதிவுகளுக்குக் குரலைக் கேட்டு ஆளைச் சொல்ல எங்களில் சிலரால் முடியும். துறையினர் அனுமதி தந்தால் அடுத்த ஆடிக் கொடைக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம்.

நன்றியுடன்,
நாட்டார் வழக்காற்றியல் துறை முன்னாள் மாணவி ஒருத்தி,
பாளையங்கோட்டை