நட்டுக்காக நிற்கும் ஹெலிகாப்டர்

ஆசிரியருக்கு,

பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடமிருந்து இவற்றை வாங்க அரசு போட்ட ஒப்பந்தம் 62,700 கோடி ரூபாய், 156 ஹெலிகாப்டர், ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66 என்று கணக்கெல்லாம் சரியாக இருந்தது. உதிரி பாகம் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் கண் முதலில் அங்கேதான் போனது.

2018இல் அமெரிக்க ராணுவமே புது அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்களை போயிங்கிடமிருந்து பெற்றுக்கொள்வதைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. காரணம் ஒரு நட்டு. ரோட்டார் பிளேடுகளைத் தலைப்பகுதியோடு பிடித்து வைக்கும் 'ஸ்ட்ராப் பேக்' நட்டு, கடலோரக் காற்றில் அரித்துப்போகிறது என்று தெரிந்தது. வேறு நட்டு வடிவமைத்த பிறகுதான் வாங்கினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டிலேயே இந்தக் கதை.

இங்கே, 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் என்ற உள்நாட்டு ஹெலிகாப்டர் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். முறிந்திருந்தது ஸ்வாஷ்பிளேட். விமானியின் கை அசைவை பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் தட்டு அது. அப்புறம் துருவ்கள் எல்லாம் மாதக்கணக்கில் தரையில் நின்றன. பிரசண்டும் அதே குடும்பத்துப் பிள்ளைதான், என்ஜினும் அதே 'சக்தி' என்ஜின்தான்.

பாகம் வராவிட்டால் ஹேங்கரில் என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்கும் இன்னொன்றிலிருந்து கழற்றி இதில் மாட்டுவோம். ஹைட்ராலிக் பம்பு போனால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது இரண்டு வேலை. இரவல் வாங்கினால் நான்கு. ஒவ்வொரு முறையும் சீல் புதிதாகப் போட்டு, நட்டு தளராமல் பிடிக்கும் பூட்டுக் கம்பியைப் புதிதாக முறுக்கி, அந்தப் பாகம் பறந்த மணிக்கணக்கை அதன் பதிவு அட்டையான லாக் கார்டில் ஏற்ற வேண்டும். பாகம் கொடுத்த ஹெலிகாப்டர் மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். ஒருமுறை கை வைத்துவிட்டால் அப்புறம் எல்லோரும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யப் பாகங்களுக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் 250க்கும் மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள், பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழில்கள், பங்கு பெறும் என்கிறது பாதுகாப்பு அமைச்சகம். நல்லது. கோவையும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்களில் ஒன்று. கணபதி, பீளமேடு பட்டறைக்காரர்கள் மைக்ரான் கணக்கில் கடைந்து தருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. எந்த ஆலையின் எஃகு, எந்தச் சூட்டில் பதப்படுத்தியது, யார் சோதித்தது என்று எழுத்தில் இல்லாத நட்டை எந்த ஃபிட்டரும் தொடமாட்டான். தொடவும் கூடாது. அந்தச் சோதனைக்கும் சான்றிதழுக்கும் ஆகும் செலவை ஐம்பது நட்டு ஆர்டரில் எப்படி எடுப்பது?

முதலில் செய்யும் 156க்கு ஆர்டர் கிடைத்துவிடும். பதினைந்து வருடம் கழித்து அதே பாகத்தைக் கேட்டால், பட்டறைக்காரர் அதைச் செய்ய வைத்திருந்த பிடிச்சட்டத்தை (ஜிக்) பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். எனவே உதிரி பாக ஆர்டரை இப்போதே சேர்த்துக் கொடுத்து, சோதனைச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

அடுத்த முறை அதிகாரிகளைப் பேட்டி காணும்போது, இந்த 156இல் எந்த நாளிலும் எத்தனை பறக்கத் தயாராக இருக்கும் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்,
சூலூர்.