டெலவோக்கையும் சேர்த்து எழுதுங்கள்

ஐயா,

இரண்டாம் உலகப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் செக் நாட்டின் லிடிசே கிராமம் நாஜிகளால் அழிக்கப்பட்டதைப் படித்து மனம் கனத்தது. அதற்கு ஆறு வாரம் முன்பே அதே கதி நேர்ந்த இன்னொரு ஊர் உண்டு. நார்வேயில் பெர்கன் நகருக்கு மேற்கே, சோத்ரா தீவில் இருக்கும் மீனவர் ஊரான டெலவோக்.

அங்கிருந்துதான் படகுகள் ரகசியமாக வடகடலைத் தாண்டி பிரிட்டனின் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போய்வந்தன. 1942 ஏப்ரல் 26 அன்று, ஒரு வீட்டில் ஒளிந்திருந்த, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த நார்வே படையினர் இருவரைப் பிடிக்க நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்தது. துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஜெர்மன் அதிகாரிகள் செத்தார்கள். ஒளிந்திருந்தவர்களில் ஒருவரும் அங்கேயே மாண்டார்.

நான்கே நாளில் பழிவாங்கல். நார்வேயை ஆண்ட நாஜி ஆணையர் டெர்போவனே நேரில் வந்தார். வீடுகளை வெடிவைத்தும் தீவைத்தும் தகர்த்தார்கள். படகுகளை மூழ்கடித்தார்கள், இல்லையென்றால் பறித்துக்கொண்டார்கள். மீனவனிடம் படகையும் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவனுக்கு என்ன மிச்சம்? 72 ஆண்களை சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 31 பேர் திரும்பவே இல்லை. பெண்களும் குழந்தைகளும் காவலில் வைக்கப்பட்டார்கள். இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத 18 நார்வே கைதிகளையும் சுட்டுக் கொன்றார்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

போர் முடிந்ததும் மிஞ்சியவர்கள் திரும்பிவந்து அதே இடத்தில் வீடு கட்டினார்கள். இன்று அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த முறை லிடிசே பற்றி எழுதும்போது இந்த ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

— வாசகர், திருச்சி