உறுப்பினர் அட்டையில் அச்சடித்த ஒரு வாக்கியம்

அன்புத் தங்கைக்கு,

பிரிட்டன் தொழிற்கட்சி பற்றிய உன் கட்டுரை முழுக்க ஒரே வரியின் மேல்தான் நிற்கிறது: "1995-இல் டோனி பிளேர் சோஷலிசத்தைக் கைகழுவினார்." அப்போதைய கட்சித் தலைவர் பிளேர், பொதுவுடைமையைக் கேட்ட பழைய நான்காம் விதியைக் கட்சி விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு விதி வைத்ததைத்தான் சொல்கிறாய். அது பாதிதான் சரி.

1900-இல் தொடங்கியபோது அதன் பெயரே தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுதான். தொழிற்சங்கங்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் வேண்டும். அதற்கு மேல் பெரிய சித்தாந்தம் எதுவும் இல்லை. வேலைநிறுத்தத்தால் ரயில் கம்பெனிக்கு வந்த நட்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று 1901-இல் டாஃப் வேல் தீர்ப்பு வந்ததும், தயங்கி நின்ற சங்கங்கள் ஓடிவந்து சேர்ந்தன. 1906-இல் 29 எம்.பி.க்கள் கிடைத்தார்கள். உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமை ஆக வேண்டும் என்று சிட்னி வெப் எழுதிக்கொடுத்த நான்காம் விதி ஏறியது 1918-இல்தான். 1929-இல் விநியோகத்தையும் பரிமாற்றத்தையும் சேர்த்தார்கள்.

அந்த விதிக்கு உயிர் இருந்தது தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் ஆட்சியில். நாட்டுடைமை ஆனவை: இங்கிலாந்து வங்கி 1946, நிலக்கரி 1947, ரயில் 1948. ரயில் பங்குதாரர்களுக்கு 3% வட்டிக்கு அரசு உத்தரவாதப் பத்திரம் கொடுத்தார்கள். யாரிடமும் சும்மா பிடுங்கவில்லை. ஆனால் 1951-இலேயே, கொரியப் போர்க்காலத்து ஆயுதச் செலவுக்காக, இலவச மருத்துவத்தில் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வந்துவிட்டது. அந்த இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அனூரின் பெவன் பதவி விலகினார். கட்டணம் போட்ட நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல். பின்னாளில் கட்சித் தலைவராகி, 1959 தோல்விக்குப் பிறகு நான்காம் விதியைத் திருத்தப் பார்த்துச் சங்கங்களிடம் மூக்குடைபட்டவரும் அவரே.

தப்பிய விதி உறுப்பினர் அட்டையில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1976-இல் தொழிற்கட்சியின் கேலகன் அரசு சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு, அதற்காகச் செலவை வெட்டியதும் அதே அட்டைக் காலத்தில்தான். விதி இருந்ததால் எதுவும் தடைபடவில்லை என்பதைக் கவனி.

சரி, கெய்ட்ஸ்கெல் தோற்ற இடத்தில் பிளேர் எப்படி ஜெயித்தார்? அதை நீ எழுதவேயில்லை. எனக்கு அதுதான் சுவையான இடம். 1995 ஏப்ரல் 29 சிறப்பு மாநாட்டு வாக்கெடுப்பில் சங்கங்களுக்கு 70% எடை, தொகுதிக் கிளைகளுக்கு 30%. சங்கத் தரப்பில் ஆதரவு 55 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, கிளைகளில் சுமார் 90. எடை போட்டுக் கூட்டினால் 65% சொச்சம் வரும். போக்குவரத்துச் சங்கமும் பொதுத்துறை ஊழியர் சங்கமான யூனிசனும் எதிர்த்தும் நிறைவேறிவிட்டது. விதியைத் தூக்கியதில் தலைவருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு கிளை உறுப்பினர்களுக்கும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. பழைய விதியின் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தில் சோஷலிசம் என்ற சொல்லே கிடையாது. பிளேரின் புதிய விதிதான் "ஜனநாயக சோஷலிசக் கட்சி" என்று தொடங்குகிறது! சொல் உள்ளே வந்தபோது பொதுவுடைமை வெளியே போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் உன் வரியை நீயே அடித்துவிடுவாய்.

1997-இல் ஆட்சிக்கு வந்த பிறகும் நேர்க்கோடு இல்லை. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை இங்கிலாந்து வங்கிக்கு விட்டார்கள். பல்கலைக்கழகக் கட்டணம் கொண்டுவந்தார்கள். 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்ட் குறைந்தபட்சக் கூலியும் தந்தார்கள். 2008-இல் நார்தர்ன் ராக் வங்கியை நாட்டுடைமையாக்கியது விதியைத் தூக்கிய அதே கட்சிதான். அதில் கொள்கை இல்லை, கையிருப்புக் கரைந்த வங்கியைக் காப்பாற்றும் அவசரம்தான்; அதையும் சேர்த்தே எழுது. தனியார் நடத்திவந்த பயணி ரயில்களை மீண்டும் அரசே நடத்த 2024-இல் சட்டம் போட்டார்கள். தனியார் ஒப்பந்தங்கள் முடிய முடிய எடுத்துக்கொள்வது வழி. அதனால் 1948-போல் பங்குதாரருக்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. 2025 மே மாதம் முதலில் வந்தது சவுத் வெஸ்டர்ன் ரயில்வே. பழைய நான்காம் விதி அப்போதும் விதிப்புத்தகத்தில் இல்லை.

அன்புடன்,
அண்ணன்