பச்சை பெயிண்டுக்கு அடியில

டேய் மணி,

திட்டாத. அஞ்சு மாசமா ஒரு போன் இல்ல மெசேஜ் இல்லன்னு நீ சேகர்கிட்ட பொலம்பினது எனக்கு வந்து சேந்துடுச்சு. அவன்கிட்ட சொன்னா ஊர்ல மைக் போட்டு சொன்ன மாதிரிதான்னு உனக்கு தெரியாதா. சரி, தப்பு என்னோடதுதான். ஆனா அவன் இன்னொண்ணும் சொன்னான்லா, அத கேட்டுட்டுத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு ஒக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். அது என்னன்னு கடைசியில சொல்றேன். அதுவரைக்கும் உன் ஸ்டோர் ரூம்ல இருக்கற எங்கப்பா பெட்டிய தொடாத. கைய வைக்காத. புரிஞ்சுதா?

மொதல்ல நலம் விசாரிப்பு. மகளுக்கு ஆம்பள புள்ள, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. எனக்கு வலது முட்டி போயிடுச்சு, ஆஸ்திரேலியா குளிர்ல இன்னும் மோசம். தங்கச்சிக்கு சுகர் கொறஞ்சுதா? நீ இன்னும் அந்த ஒட்டுக்கடையில காலையில ரெண்டு தே தாரிக் குடிக்கிறியா, மூணா? சரி போதும், விஷயத்துக்கு வரேன்.

மகள் இருக்கறது பாதர்ஸ்ட்ன்னு ஒரு ஊரு, சிட்னியிலேர்ந்து மலைய தாண்டி மூணு மணி நேரம். நம்ம மலேசியா சுங்கை சிப்புட் மாதிரி அமைதி, ஆனா ஜூலையில காலையில கார் கண்ணாடி மேல ஐஸ் பூத்திருக்கும். மூணு மாசம் நான் என்ன பண்ணுவேன் சொல்லு. புள்ளைய தூங்க வைக்க மகள் போதும், சமைக்க என் பொண்டாட்டி போதும், நான் நடுவுல கால்ல இடறிக்கிட்டு கெடந்தேன். அப்பதான் பக்கத்து வீட்டு பெரியவர். எண்பது வயசு இருக்கும், ஒரு காலத்துல ஆட்டுப் பண்ணை வச்சிருந்தவரு. நான் மருமகனோட கராஜ்ல ஒரு நாற்காலி கால ஒட்டிக்கிட்டு இருந்தத வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்திருக்காரு. மறுநாள் வந்து, நீ மரவேலை ஆளான்னு கேட்டாரு. எங்கப்பா தோட்டத்து ஆசாரி, நான் பாதி ஆசாரின்னேன். வா ஒண்ணு காட்டறேன்னு கூட்டிட்டு போனாரு.

போனா துப்பாக்கி.

மணி, சத்தியமா ரெண்டு அடி பின்னால போயிட்டேன். நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு துப்பாக்கின்னா வேற அர்த்தம்லா. 1948 ஜூன் 16, கம்யூனிஸ்ட்காரனுங்க எல்பில் தோட்டத்துல வெள்ளக்கார துரைய சுட்டது, கொஞ்ச நேரத்துல இன்னொரு தோட்டத்துல ரெண்டு பேர சுட்டது, அதுக்கப்புறம் 1960 வரைக்கும் அவங்கள அடக்க வெள்ளக்காரன் போட்ட அவசரகாலம். எங்கப்பா அப்ப பதினோரு வயசு பையன், முள்ளுக்கம்பி வேலி, அரிசிய அளந்து குடுக்கறது, இருட்டுனா வெளிய வரக்கூடாது, எல்லாத்தையும் கத மாதிரி சொல்வாரு, ஆனா சொல்லும்போது குரல் கொறஞ்சுடும். அப்புறம் நாம வளர்ற காலத்துலயும் லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டா பாக்கெட்ல இருந்தாலே தூக்குன்னு சொல்லித்தான பயமுறுத்தினாங்க. தோட்டத்து வேலைய மேற்பார்வை பாத்த கண்டக்டர் ஐயா காட்டுப்பன்னிக்கு வச்சிருந்த ஒத்தக்குழல், ஞாபகம் இருக்கா, நீ அத தூரத்துலேர்ந்து பாத்துட்டே ஒண்ணுக்கு போனியே. கோவப்படாத, சேகரும் பாத்தான்.

பெரியவர் சிரிச்சாரு. இது முயல் சுடற துப்பாக்கிப்பா, பாயிண்ட் 22 அப்படின்னாரு. அந்த தோட்டா நம்ம சுண்டு விரல விட சின்னது. அதுல மருந்து பத்த வைக்கிற சரக்கு நடுவுல இல்லடா, அடிப்பக்கத்து விளிம்புக்குள்ளயே சுத்தி இருக்கும், துப்பாக்கிக்குள்ள இருக்கற ஊசி அந்த விளிம்ப நசுக்குனா வெடிக்கும். அதனாலதான் தோட்டா இல்லாம சும்மா டக்கு டக்குன்னு இழுத்து வெளையாடக் கூடாதாம், ஊசி நேரா குழல்ல தோட்டா ஒக்கார்ற பக்கத்து விளிம்புலயே போயி இடிச்சு பள்ளம் போட்டுடும். அவரு பேரன் அப்படி பண்ணி திட்டு வாங்கின கதய அரைமணி நேரம் சொன்னாரு.

துப்பாக்கி செஞ்சது அங்கேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி லித்கோன்னு ஒரு ஊர்ல. 1912ல தொறந்த அரசாங்க ஃபேக்டரி, ரெண்டு உலகப் போருக்கும் ராணுவத்துக்கு பாயிண்ட் 303 துப்பாக்கி செஞ்சு குடுத்தவங்க. போர் முடிஞ்சதும் விவசாயிங்களுக்கு இந்த மாதிரி ஒத்த தோட்டா துப்பாக்கி போட ஆரம்பிச்சிருக்காங்க. அதுமேல என்ன முத்திரை தெரியுமா? சிலாசெஞ்சர்! டென்னிஸ் பேட் கம்பெனி! அவங்கதான் வித்தாங்களாம். உடற்கல்வி வாத்தியார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.

ஆனா அதோட நெலம இருக்கே. முப்பது வருஷம் கொட்டாயில ஆட்டு மருந்து டின்னுக்கு பின்னால சாஞ்சு கெடந்திருக்கு. குழல் முழுக்க செவப்பு துரு. கையில பிடிச்சு தோள்ல வைக்கிற மரக்கட்டையில யாரோ புண்ணியவான் கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட, அதுவும் ரெண்டு கோட்டு, அப்பி வச்சிருக்கான். அது அவருதானாம். பதினஞ்சு வயசுல. மழையில நனையாம இருக்கட்டும்னு.

அங்க சட்டம் ரொம்ப கறாரு மணி. 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேர சுட்டு கொன்னான்லா, அதுக்கப்புறம் அரசாங்கம் 6 லட்சத்துக்கு மேல துப்பாக்கிய காசு குடுத்து வாங்கி நொறுக்கிடுச்சு. இப்ப லைசென்ஸ் இருந்தாலும் இரும்புப் பெட்டியில பூட்டித்தான் வைக்கணும். அதனால மொத நாளே அவரு சொல்லிட்டாரு, இரும்பு என் வேல, மரம் உன் வேல. ரெண்டு ஸ்க்ரூவ கழட்டி, குழலயும் தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற போல்டயும் பெட்டிக்குள்ள வச்சு பூட்டிட்டு, வெறும் கட்டைய என் கையில குடுத்தாரு. எனக்கும் அதான் நிம்மதி. கட்டைன்னா நாற்காலி கால் மாதிரிதான. அவரு அது குயின்ஸ்லாந்து மேப்பிள்ன்னாரு. எனக்கு அந்த ஊரு மரம் தெரியாது, ஆனா பெயிண்ட ஒரு ஓரத்துல சொரண்டினதும் உள்ள லேசான செவப்புல மரத்தோட ரேகை மின்னுச்சு பாரு, எங்கப்பா இருந்திருந்தா மோந்து பாத்திருப்பாரு. நானும் மோந்தேன். ஆட்டு மருந்து வாசம்தான் வந்துச்சு.

இரும்பு வேலைய நான் பக்கத்துல நின்னு பாத்தேன், தொடல. ஒரு தகர வாய்க்கால ரெண்டு பக்கமும் அடைச்சு, அதுல மழைத்தண்ணி ஊத்தி (பைப் தண்ணின்னா கறை விழுமாம்) குழல உள்ள போட்டு கீழ கேஸ் அடுப்பு வச்சு கொதிக்க விட்டாரு. இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தா டேய், செவப்பா இருந்த துருவெல்லாம் கறுப்பு! இரும்போட துருவுல ரெண்டு ஜாதி இருக்காம், செவப்பு அரிச்சுக்கிட்டே போகும், கறுப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு காவல் இருக்கும், கொதி தண்ணி மொத ஜாதிய ரெண்டாவது ஜாதியா மாத்திடுது. அப்புறம் நாலு சைபர் போட்ட மெல்லிசு இரும்பு நாருல தேய்ச்சு, மேல தூளா நின்னத எடுத்துட்டு எண்ண தடவினாரு. புதுசு மாதிரி பளபளன்னு ஆக்கல. ஏன்னு கேட்டேன். இது கெழவன், கெழவனாட்டம்தான் இருக்கணும்னாரு. அத நான் காதுல வாங்கிக்கல பாரு, அதான் வெனை.

ஏன்னா நான் என்ன பண்ணேன், பெயிண்ட் கரைக்கிற மருந்த தடவி, சொரண்டி, அப்புறம் மணல்தாள் எடுத்து தேய்க்க ஆரம்பிச்சுட்டேன். மொதல்ல சொரசொரப்பு, அப்புறம் நைசு. தேய்ச்சுக்கிட்டே போனா சொகமா இருக்கும்லா, உனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்து பெஞ்ச தேய்ச்சோமே. கட்டையோட அடிப்பக்கத்துல, தோள்ல வைக்கிற இடத்துக்கு கிட்ட, குட்டி குட்டியா பச்சைப் புள்ளி. பெயிண்ட் பள்ளத்துல தங்கியிருக்குன்னு நெனச்சு அதையும் தேய்ச்சு எடுத்தேன். வழவழன்னு ஆச்சு. பெருமையா வேலி தாண்டி போயி காட்டினேன்.

அவரு கையில வாங்கினாரு. திருப்பி அடிப்பக்கத்த பாத்தாரு. கட்டை விரலால அந்த எடத்த தடவினாரு, இன்னொரு தடவ தடவினாரு. நல்லாருக்குன்னாரு. டீ குடிக்கிறியான்னாரு.

டீ குடிக்கும்போதுதான் அவரோட பொண்டாட்டி சொல்லுச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேத்து அவங்கப்பா வாங்கிக் குடுத்த துப்பாக்கியாம். அண்ணன் ஆணிய வச்சு சுத்தியால தட்டித் தட்டி தன் பேரோட மொத எழுத்து ரெண்ட அந்த எடத்துல புள்ளி புள்ளியா போட்டிருந்தாராம், ஜேவும் டபிள்யூவும். அந்த அண்ணன் இருபத்திரெண்டு வயசுல டிராக்டர் கவுந்து போயிட்டாரு. பெரியவரு ஒரு வார்த்த சொல்லல மணி. திட்டியிருந்தா கூட பரவால்ல. மகள் வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. ராத்திரி முழுக்க அந்த பச்சைப் புள்ளிதான் கண்ணுல.

அந்த வாரம் நேரமே சரியில்ல. ஒரு பழைய மேசைப் பலகைத் துண்டுல ஆளிவிதை எண்ணைய பூசி எப்படி காயுதுன்னு பாத்துட்டு, தொடைச்ச துணிய சுருட்டி குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். சாயங்காலம் மருமகன் தொட்டிய தொறந்தா சூடு, கருகுன வாசம். அந்த எண்ண காயும்போது தானா சூடாகுமாம், சுருட்டி வச்சா சூடு போக வழியில்லாம பத்திக்கும். விரிச்சு காயப் போடணும், இல்ல தண்ணியில முக்கணும். ஆசாரி மகன், இதுகூட தெரியல. நம்ம தோட்டத்துல ரப்பர் பொகைக்கிற கொட்டாய் எரிஞ்சப்ப யாரோ சுருட்டு குடிச்சாங்கன்னு பாவம் அந்த முனியாண்டிய பிடிச்சாங்களே, எனக்கு அது ஞாபகம் வந்துச்சு.

மறுநாள் காலையில எழுந்து, எண்ண போடறதுக்கு முன்னால செய்யற வேலைய செஞ்சேன். ஈரத்துணியால கட்டை முழுக்க தொடைச்சு வெயில்ல வச்சேன். எதுக்குன்னா தேய்ச்ச மரத்துல படுத்துக் கெடக்கற நாரு ஈரம் பட்டா எழுந்து நிக்கும், காஞ்சதும் அத மட்டும் லேசா எடுத்துட்டா அப்புறம் எண்ண போட்டா எழாது. கால் மணி நேரம் கழிச்சு கையில எடுத்து அடிப்பக்கத்த தடவறேன். வெரல்ல என்னமோ தட்டுது. வெயிலுக்கு சாய்ச்சு பாத்தேன். பொட்டு பொட்டா, கடுகு ஒட்டின மாதிரி, மரம் மேல எழும்பி நிக்குது. ஜே. பக்கத்துல டபிள்யூவுல முக்காவாசி.

எப்படின்னு கேளு. உளியால வெட்டியிருந்தா போனது போனதுதான். ஆனா அந்த அண்ணன் ஆணிய வச்சு நசுக்கினவரு. அந்த எடத்துல மரம் போகல, அமுங்கி கெடந்துச்சு. நான் சுத்தியிருந்த மரத்த எல்லாம் தேய்ச்சு அந்த பள்ளத்தோட மட்டத்துக்கு கொண்டாந்துட்டேன், இப்ப தண்ணி குடிச்சதும் அமுங்கினது ஊதி வெளிய வந்துடுச்சு. பள்ளமா இருந்த எழுத்து மேடாயிடுச்சு! மேசையில அடிபட்டு குழி விழுந்தா எங்கப்பா ஈரத்துணி போட்டு மேல இஸ்திரிப் பொட்டிய வைப்பாரே, குழி எழும்பி வரும்லா, அதே சங்கதிதான். அறுபத்திரெண்டு வயசுல கராஜ்ல தனியா நின்னு கத்தினேன், மருமகன் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடி வந்தான்.

அந்த எடத்துல மட்டும் மறுபடி தாள் படல. எண்ணைய விரல்ல தொட்டு தேய்ச்சேன், அவ்ளோதான். மொத வாரம் தெனம் ஒரு தடவ, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ ஒரு மாசம், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ ஒரு வருஷம், அதான் கணக்காம். நான் வாரக் கணக்கு வரைக்கும் முடிச்சேன், மிச்சத்த பெரியவரு பாத்துக்கறாரு. கட்டைய குடுத்தப்ப மறுபடியும் திருப்பி அதே எடத்த தடவினாரு. இந்த தடவ டீ கேக்கல. உள்ள போயி பொண்டாட்டிய கூட்டிட்டு வந்தாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ எனக்கு சர்ப்ரைஸா எங்கப்பாவோட ஆசாரி பெட்டிய எடுத்து, இழைப்புளி உளியெல்லாம் தேய்ச்சு, கைப்பிடிக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சு, தீபாவளிக்கு குடுக்கப் போறேன்னு சேகர் சொல்றான். உன் மனசு எனக்கு தெரியும்டா. தோட்டத்துல நாம இருந்த லயத்து வீடுங்கள ஒடைச்சு எல்லாரையும் கெளப்பினப்ப அந்த பெட்டிய குப்பைன்னு நான்தான் விட்டுட்டு வந்தேன், நீதான் உன் வேன்ல போட்டு கிள்ளானுக்கு தூக்கிட்டு போன. அதுக்கு நான் இதுவரைக்கும் ஒரு நன்றி சொல்லல. இப்ப சொல்றேன்.

ஆனா தேய்க்காத. பெரிய இழைப்புளியோட பின்பக்கத்துல எங்கப்பா வலது கை கட்டை விரல் பட்டு ஒரு குழி இருக்கும், நாப்பது வருஷத்து குழி. உளிய தட்டற மரச்சுத்தி, கொட்டாப்புளி, அதுல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும். கறுப்பா எண்ண பிசுக்கு இருந்தா இருக்கட்டும். ஏற்கனவே எதையாவது தேய்ச்சுட்டியா? தேய்ச்சிருந்தா மறைக்காம சொல்லு, நான் திட்ட மாட்டேன், எனக்கு அந்த யோக்யதை இல்ல. உளி இரும்புல துரு இருந்தா மண்ணெண்ணெய் துணியில லேசா தொடச்சு வை, அவ்ளோதான், மரத்துப் பக்கம் போகாத.

சனிக்கிழமை காலை பஸ்ல வரேன். தங்கச்சிகிட்ட நெத்திலி சம்பல் பண்ணச் சொல்லு, சீனி போடாம. பெட்டிய நான் வந்து தொறக்கறேன்.

பாலு