விற்பனைப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் வணிகவியல், மேலாண்மை மாணவர்களுக்கு ‘விற்பனைக் கோட்பாடுகள்’ என்ற பெயரிலோ அதையொத்த பெயரிலோ நடத்தப்படும் பாடத்தைப் பற்றி, குறிப்பாக அதன் தேர்வு முறையைப் பற்றி, சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பாடத்திட்டக் குழுவினரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பல ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் பணியாற்றிவிட்டு, இப்போது அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்துகிற எவரும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாங்கக்கூடியவர் யார் என்று கண்டறிதல், சந்திப்புக்கு முன் அவரைப் பற்றிய தகவல் திரட்டுதல், அணுகுதல், பொருளை விளக்குதல், மறுப்புகளைக் கையாளுதல், விற்பனையை முடித்தல், விற்ற பின் தொடர்பைப் பேணுதல் என்ற ஏழு படிகளையும் மாணவர்கள் வரிசை பிசகாமல் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வரி விளக்கமும் இருக்கும். அதே மாணவரை வாங்குபவருக்கு எதிரே உட்காரவைத்தால், பொருளைப் பற்றித் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. குறை மாணவரிடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எழுதத் தெரிந்தால் மதிப்பெண் கிடைக்கும் என்றால் எழுதத்தானே பழகுவார்கள்?

பாடம் இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜான் பேட்டர்சன் என்பவர் 1884-இல் பணப்பதிவு இயந்திர நிறுவனம் ஒன்றைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்; அதுவே பின்னாளில் உலகம் முழுவதும் அறியப்பட்ட நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனமாக வளர்ந்தது. தம்மிடம் நன்றாக விற்கும் ஒருவர் என்னென்ன சொல்லி விற்கிறார் என்பதை 1880-களின் பிற்பகுதியில் அவர் எழுத்தில் பதிவுசெய்து, மற்ற விற்பனையாளர்களும் அதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும் என்று விதித்தார். 1890-களில் விற்பனையாளர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். வாங்குபவரின் கவனத்தைக் கவர்ந்து, ஆர்வத்தை எழுப்பி, விருப்பமாக வளர்த்து, வாங்கும் செயலுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நான்கு கட்டக் கருத்தும் ஏறத்தாழ அதே காலத்தது. விளம்பரத் துறையைச் சேர்ந்த செயின்ட் எல்மோ லூயிஸின் பெயரில் அது வழங்கிவருகிறது. விற்பது பிறவியிலேயே வரும் திறமை, அதைச் சொல்லித்தர முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், சொல்லித்தர முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். அந்த அளவில் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால், ஒரே வகை இயந்திரத்தை ஒரே வகைக் கடைக்காரருக்கு விற்பதற்காக உருவான மனப்பாட முறையைத்தான் இன்றும் கல்லூரியில் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

வகுப்பறையில் நடக்கும் பயிற்சி ஒன்றைச் சற்று விரிவாகச் சொன்னால் என் கருத்து தெளிவாகும் என்று எண்ணுகிறேன். ஒரு மாணவி நகலெடுக்கும் இயந்திரம் விற்பவர். இன்னொரு மாணவர் ஒரு சிறிய அலுவலகத்தின் நிர்வாகி. நிர்வாகியாக இருப்பவரிடம் மட்டும் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவேன். அலுவலகத்தில் இருக்கும் பழைய இயந்திரம் வேலை குவிந்து கிடந்த ஒரு நாளில் பழுதாகி நின்றுவிட்டது, பழுது பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை, மேலதிகாரியிடம் அவர் பேச்சு வாங்க நேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கும். கேட்டால் ஒழிய இதைச் சொல்லக் கூடாது என்பதும், பேச்சு தொடங்கியதும் “விலை அதிகமாக இருக்கிறதே” என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்கான விதிகள். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்ததுமே மாணவி பத்து சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். நிர்வாகி ஒன்றும் பேசாமல் இருக்க, அதைப் பதினைந்தாக உயர்த்துகிறார். பிறகு, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் அச்சாகும் என்று விளக்கத் தொடங்குகிறார். கையேட்டில் உள்ள அத்தனையும் வந்துவிட்டது. நிர்வாகியின் மனத்தில் இருந்த பயத்தை மட்டும் அவர் தொடவே இல்லை.

இதே உரையாடலை அனைவருமாக அலசிப் பார்த்த பின், அதே மாணவி மறுபடியும் முயல்கிறார். இம்முறை, “எதனோடு ஒப்பிட்டு அதிகம் என்று சொல்கிறீர்கள், சார்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார். அந்தச் சில நொடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் எல்லா மாணவர்களுக்கும் மிகக் கடினமாக இருக்கிறது. நிர்வாகி பழைய இயந்திரத்தின் விலையைச் சொல்கிறார். “அது நின்றுபோனால் அன்றைய வேலையை எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்பது அடுத்த கேள்வி. சீட்டில் இருந்த கதை முழுவதும் அப்போது வெளியே வருகிறது. அதன் பிறகு பேச்சு விலையை விட்டு விலகி, பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், மாற்று இயந்திரம் கிடைக்குமா என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. ‘விலை’ என்ற மறுப்புக்குப் பின்னால் தேவை பற்றிய ஐயமோ, விற்பவர் மீதான அவநம்பிக்கையோ, இப்போதே முடிவெடுக்க மனமில்லாமையோ இருக்கலாம் என்று பாடநூலில் ஒரு பத்தி உண்டு. அதைப் பத்து முறை படித்தும் பிடிபடாத ஒன்று இந்த ஒரு வகுப்பில் மாணவர்களுக்குப் பிடிபடுகிறது.

இதை வெறும் என் அனுபவமாகக் கொள்ள வேண்டியதில்லை. நீல் ராக்கம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 ஆண்டுகளில் 35,000-க்கும் மேற்பட்ட விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து, அவற்றின் முடிவுகளை 1988-இல் வெளியிட்டார்கள். விற்பனையாளர் சொல்லும் கதையை நம்பாமல், சந்திப்பில் உண்மையில் யார் என்ன பேசினார்கள் என்பதை உடனிருந்து குறித்துக்கொண்டதுதான் அந்த ஆய்வின் பலம். வெற்றியில் முடிந்த சந்திப்புகளில் வாங்குபவரே அதிகம் பேசியிருந்தார். திறமையானவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் நான்கு வகையாகப் பிரித்தார்கள்: இப்போதைய நிலைமையைப் பற்றியவை, அதில் உள்ள சிக்கலைப் பற்றியவை, அந்தச் சிக்கலால் வரும் விளைவுகளைப் பற்றியவை, அது தீர்ந்தால் கிடைக்கும் பயனை வாங்குபவரே எடுத்துச் சொல்லத் தூண்டுபவை. அனுபவம் குறைந்தவர்கள் முதல் வகையிலேயே நின்றுவிடுகிறார்கள்; எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று கணக்கெடுப்புக்கு வந்தவர்போல் கேட்டு வாங்குபவரைச் சலிப்படையச் செய்கிறார்கள். மூன்றாவது வகைதான் பேச்சைத் திருப்புகிறது. மேலே சொன்ன மாணவி இரண்டாம் முறை கேட்டது அந்த வகைக் கேள்வியே.

பல பாடநூல்களில் ‘விற்பனையை முடிக்கும் உத்திகள்’ என்று நீண்ட அத்தியாயம் இருக்கிறது. சிவப்பு வேண்டுமா, நீலம் வேண்டுமா என்று வாங்குவது முடிவாகிவிட்டதுபோல் கேட்பது, சலுகை இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்துவது போன்றவை அதில் இடம்பெறும். சிறிய பொருள்களில் இவை ஓரளவுக்குப் பயன்படலாம். பெரிய தொகைக்கான விற்பனையில் இத்தகைய நெருக்குதல் கூடக் கூட வெற்றி குறைந்தது என்றே ராக்கம் குழுவினர் கண்டார்கள். அந்த அத்தியாயத்தின் பக்கங்களில் பாதியைக் கேள்வி கேட்பதற்கும் காதுகொடுத்துக் கேட்பதற்கும் ஒதுக்கினால் பாடம் உருப்படும் என்பது என் உறுதியான எண்ணம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. அதை நம்பியே, கலகலப்பாகப் பேசத் தெரியாத மாணவர்கள் இந்தப் பாடம் தமக்கு உரியதில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். என் வகுப்புகளில் மிக நல்ல கேள்விகளைக் கேட்டவர்களில் பலர் அப்படி ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தாம் என்பதை அவர்களுடைய பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்து, அறம் பற்றியது. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இது கடைசி அலகில், கடைசித் தலைப்பாக வருகிறது. நேரம் போதாமல் விடுபட்டும் போகிறது. விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார்; 2001-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நல்லதையும் கெட்டதையும் வேறுபடுத்த முடியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அதனால் நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்பது அதன் சாரம். நாணயமாக விற்பது ஏன் ஒட்டுமொத்தச் சந்தைக்கும் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. இது முதல் வாரத்திலேயே சொல்லப்பட வேண்டியது.

இலக்கு என்ற ஒன்று நல்லவர்களையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் மாணவர்கள் வேலைக்குப் போகும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகள் வரை விற்க வேண்டும் என்று ஊழியர்களை முடுக்கியது. இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்த வங்கி ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் கடனோடு சேர்த்துத் தேவையற்றவர்கள் தலையிலும் கட்டப்பட்ட காப்பீட்டுக்காக நிதி நிறுவனங்கள் 3,800 கோடி பவுண்டுக்கும் மேல் இழப்பீடு தர நேர்ந்தது. இவற்றில் ஈடுபட்டவர்களில் பலர், மேலே இருந்து வந்த கெடுபிடிக்கு அஞ்சியே அப்படிச் செய்தார்கள். “இந்த மாதம் இலக்கை முடித்தே ஆக வேண்டும், ஆனால் இந்தப் பொருள் எதிரில் இருப்பவருக்குப் பயன்படாது, என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வியை, சம்பளம் பணயமாக இல்லாத வகுப்பறையில் ஒரு முறையாவது எதிர்கொண்டவர், பிற்பாடு அதே நிலை வரும்போது தடுமாற்றம் குறைந்தவராக இருப்பார்.

அறத்தை அளக்க முடியாது, அதனால் மதிப்பெண் தர முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். விற்பனையாளர் ஒருவர் தம் விற்பனையை மட்டும் பார்க்கிறாரா, வாங்குபவரின் நலனைப் பார்க்கிறாரா என்பதை அறிய ராபர்ட் சாக்ஸும் பார்டன் வைட்ஸும் 1982-லேயே 24 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதை எளிமைப்படுத்தி வகுப்பில் பயன்படுத்துவது எந்த ஆசிரியருக்கும் இயலக்கூடியதே. 

வகுப்பில் மாணவர் எண்ணிக்கை அதிகம், ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பார்க்க நேரம் இல்லை என்பது சக ஆசிரியர்கள் முன்வைக்கும் தடை, அது நியாயமானதே. மூவர் மூவராகப் பிரித்து, ஒருவர் விற்பவர், ஒருவர் வாங்குபவர், ஒருவர் கவனிப்பவர் என்று சுழற்சியில் விட்டால், ஒரு வகுப்பு நேரத்துக்குள் எல்லோரும் மூன்று இடங்களிலும் இருந்து பார்த்துவிடலாம். கவனிப்பவர், எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன, யார் அதிக நேரம் பேசினார், வாங்குபவர் சொன்ன எது காதில் விழாமலே போயிற்று என்ற மூன்றை மட்டும் எழுதித் தர வேண்டும். கைபேசியில் பதிவுசெய்துகொண்டால் மாணவரே தம் பேச்சைத் திரும்பப் பார்க்கலாம். ஆசிரியர் சொல்லும் திருத்தத்தைவிட அது ஆழமாகப் பதிகிறது. பாரபட்சம் நேரலாம் என்ற அச்சத்துக்கு, வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளரை உடன் அமர்த்துவதே விடை. அறிவியல் பாடங்களின் செய்முறைத் தேர்வில் இது நெடுங்காலமாக நடந்துவரும் ஏற்பாடுதான்.

ஆகவே, இந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் பாதியையாவது நேரடி உரையாடல் தேர்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேர்வில், எதிரில் இருப்பவருக்கு அந்தப் பொருள் தேவையே இல்லாத சூழல் ஒன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதைக் கேள்விகள் மூலம் கண்டுபிடித்து, “இது உங்களுக்குப் பயன்படாது” என்று சொல்லி விடைபெறும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரப்பட வேண்டும் என்பதையும் விதிமுறையிலேயே எழுதிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விற்பனைத் துறையிலிருந்து ஆசிரியப் பணிக்கு வந்த ஒரு வாசகர்