வானுக்கு பெயின்ற் அடிக்காதீங்க மாமா

ஹல், இங்கிலாந்து
பங்குனி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இஞ்ச சுகம். அங்க நீங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமா இருக்க மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுறன். வட்சப்பில நான் சொன்னது பாதி விளங்கல்ல, லைனும் வெட்டி வெட்டிப் போகுதெண்டு சொன்னீங்க. அதான் இருந்து எழுதுறன். தங்கச்சியிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. உங்கட கண்ணாடியை நம்பி இவ்வளவையும் எழுத ஒண்ணா.

நீங்க கேட்டது ரெண்டு விசயம். அங்க உனக்கு என்னடா வேலை எண்டதும், உங்கட டொல்பின் (ரொயோட்டா ஹையேஸ்) வானுக்கு முழுசா பெயின்ற் அடிச்சிட்டு விப்பமா எண்டதும். ரெண்டாவதுக்கு இப்பவே சொல்லுறன், பெயின்ற் அடிக்காதீங்க. ஏன் எண்டது என்ர வேலையைச் சொன்னா உங்களுக்கே விளங்கும்.

நாங்க கதிர்காமம் போகக்குள்ள சீற்றுக்குக் கீழ சட்டி பானை, மேல பாய் தலகாணி, அரிசி மூட்டை எல்லாம் ஏத்திக்கொண்டு போய் மாணிக்க கங்கைக் கரையில அடுப்பு மூட்டுவமே, அதை வெள்ளைக்காரன் வாகனத்துக்குள்ளயே வச்சுக் கட்டியிருக்கான். கட்டில், காஸ் அடுப்பு, பிரிட்ஜ், குளிக்கிற இடம், ரொய்லெட் எல்லாம் உள்ளுக்குத்தான். மோட்டர்ஹோம் எண்டு சொல்லுற. இந்த ஹல் பக்கம் அந்த மாதிரி வண்டிகளும் இழுத்துக்கொண்டு போற கரவன்களும் கட்டுற இடம். முந்தி மீன்பிடிக்குப் பேர்போன ஊர், இப்ப அந்தத் தொழில் படுத்திட்டு. ஆத்துக்கு மேல 1981ல திறந்த ஹம்பர் பாலம் இருக்கு. நடுத்தூண் ரெண்டுக்கும் இடையில மட்டும் 1,410 மீற்றர். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில நிண்டு காத்து வாங்கின எனக்கு முதல்நாள் பாத்ததும் வாயடைச்சிட்டு.

எங்கட யாட்டில பழைய மோட்டர்ஹோம் வாங்கி, சரிப்படுத்தி விக்கிற. சரிப்படுத்திற ஆக்கள்ள நானும் ஒருத்தன். பொஸ் வயசான மனிசன், கதைக்கிறது குறைவு, தேத்தண்ணி குடிக்கிறது கூட.

இஞ்ச மூண்டு வயசு தாண்டின வாகனத்துக்கு வருசா வருசம் எம்.ஓ.ரி. எண்டு ஒரு சோதனை. பிறேக், ரயர், லைற், புகை, அடிச்சட்டத்துக் கறள் எல்லாம் பாப்பான். ஆனா பின்னால இருக்கிற வீட்டை அவன் பாக்கிறதில்ல. கூரை ஒழுகுதா, காஸ் கசியுதா எண்டது அவன்ட கணக்கில இல்ல. அதனால காசு வச்சு வாங்க வாற ஆள், அந்த வீட்டுப் பகுதிக்கு வேற சோதனைக் கடதாசி கேப்பான். எங்கட வேலை அதிலதான் கிடக்கு.

இந்த வண்டிக்கு முதல் எதிரி தண்ணி, மாமா. வெளியில அலுமினியத் தகடோ பைபரோ, உள்ளுக்கு மெல்லிய பலகை, நடுவில மரச்சட்டம். ஒரு மூட்டில அடைச்ச பசை வெடிச்சாக் காணும், மழைத்தண்ணி உள்ள இறங்கி மரத்தை இருந்து தின்னும். வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது.

இப்ப ஒரு வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் தேசிக்காய் வாசம் மூக்கில அடிச்சுது, ஈர நாத்தத்தை மறைக்கத்தான். பொஸ் ஒண்டும் பேசல்ல. போய் ஈரம் பாக்கிற மீற்றரை எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு ஊசி இருக்கும், அதைச் சுவரில குத்தினா ஈரம் எத்தனை வீதம் எண்டு நம்பர் காட்டும். 15க்குக் கீழ எண்டா நல்லம், 20ஐத் தாண்டினா யோசிக்கோணும், 30ஐத் தாண்டினா உள்ள மரம் உக்கத் தொடங்கிட்டெண்டு எடுக்கலாம். பின் ஜன்னலுக்குக் கீழ் மூலையில 38. குசனைத் தூக்கி, பெட்டியைக் கழட்டினா, அந்த இடத்தில மட்டும் புதுப் பலகை, புது ஸ்க்ரூ, வடிவா அடிச்சிருக்கு. அதையும் கழட்டினம். பின்னால இருந்த சட்டம் கறுத்துப் போய், விரலால அமத்த விரல் உள்ள போகுது.

நான் ஜன்னலாலதான் தண்ணி வந்திருக்கும் எண்டு நினைச்சன். பொஸ் ஜன்னலைத் தொடவே இல்ல. ஹோசை எடுத்து முதல்ல கீழ்ப்பக்கம் அடிச்சு, கொஞ்ச நேரம் பாத்து, மறுகா ஜன்னல், மறுகா அதுக்கு மேல எண்டு ஒவ்வொரு இடமாப் போனார். மேலால அடிச்சா எல்லா இடத்தாலயும் வழிஞ்சு எது ஓட்டை எண்டு பிடிக்க ஒண்ணா. கடைசியில கூரை ஓரத்தில இருக்கிற சின்னச் சிவப்பு லைற்றுக்குப் பின்னால இருந்த ரப்பர் வெடிப்பு. அதால இறங்கின தண்ணி சட்டத்தோடயே ஓடி வந்து மூலையில தேங்கியிருக்கு. சின்னக் காசு ரப்பர், மாமா!

உக்கின மரத்தை வெட்டி எடுத்து, ஹீற்றர் வச்சுக் காயவிட்டு, புது மரம் வச்சு ஒட்டி மூடினம். லைற்றைத் திரும்பப் பூட்டக்குள்ள பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கன் பாவிக்கிறதில்ல. அது கொஞ்சக் காலத்தில கழண்டிரும், பிறகு அந்த இடத்தில வேற எதுவும் ஒட்டாது. இதுக்கெண்டு மாஸ்ரிக் எண்டு தனிப் பசை இருக்கு.

பொஸ் செய்த அடுத்த வேலைதான் எனக்கு விசர் பிடிச்ச மாதிரித் தெரிஞ்சுது. உக்கின மரத்தைப் படம் எடுத்து, திருத்தின படங்களும் பில்லும் சேர்த்து பைல் ஒண்டில போட்டு, வண்டி மேசையில வச்சிட்டார். அந்த வண்டி இன்னும் விக்கல்ல. ஆனா பாக்க வாற ஆக்கள் கட்டிலைப் பாக்கிறதை விட அந்த பைலைப் பாக்கிறதுதான் கூட நேரம்.

மற்ற வேலைகள் சில்லறை வேலை. ரயரில நாலு இலக்கம் அடிச்சிருக்கும், முன் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். 2318 எண்டா 2018ல 23ஆம் கிழமை செய்தது. இந்த வண்டிகள் ஓடுறதை விட நிக்கிறதுதான் கூட, அதனால ரயர்ப் பூ தேயாமலே ரப்பர் கிழடாப் போயிரும். ஜன்னல் கண்ணாடி இல்ல, அக்ரிலிக். ஸ்பிரிட் கலந்ததால துடைச்சா மயிர் மயிரா வெடிக்கும், சவர்க்காரத் தண்ணிதான். குளிருக்கு முதல் தண்ணியை முழுசா இறக்கோணும், இல்லாட்டி உறைஞ்சு பம்பை வெடிக்க வச்சிரும். காஸில புரொபேன் குளிரிலயும் எரியும், குளிர் பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனா பியூற்றேன் எழும்பாது. எல்லாத்திலயும் கரைச்சல் நாய் மயிர். வெள்ளைக்காரன் நாயைக் கட்டிலிலயும் ஏத்துவான். ரப்பர் கையுறையைப் போட்டுத் தேய்ச்சாத்தான் அது உருண்டு வரும், வக்யூம் சரிவராது.

வாற வண்டிகள்ள பெரிசுகள் கனக்க வயசான ஆக்கள்ட. 1997 ஜனவரிக்கு முதல் லைசன் எடுத்தவங்க 7.5 தொன் வரைக்கும் ஓடலாம், பிறகு எடுத்தவங்களுக்கு சாதாரண லைசனில 3,500 கிலோதான். அந்தப் பழைய ஆக்களும் 70 வயசானா மெடிக்கல் காட்டினாத்தான் பாரமான வண்டி ஓடலாம். அதனால அந்த வயசில வித்திடுறாங்க. வாங்கிறதுக்கு இளம் ஆக்களுக்கு லைசன் காணாது. பாரமான வண்டி யாட்டில கிடந்து காயும்.

இப்ப உங்கட வானுக்கு வருவம். இஞ்ச வாகன நம்பரை இன்ரநெற்றில அடிச்சா ஒவ்வொரு எம்.ஓ.ரி.யிலயும் மீற்றர் எவ்வளவு, என்னத்தில பெயில் எண்டு காசில்லாமப் பாக்கலாம். அங்க வாங்க வாறவன் வாகனம் திருத்திற பாஸ் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருவான். அந்த பாஸ் புதுப் பெயின்றைக் கண்டதும் முதல்ல காந்தத்தை வச்சுத்தான் பாப்பார், எங்க பட்டி பூசிக் கறளை மறைச்சிருக்கெண்டு. இல்லாத கறளுக்கும் சேர்த்து விலை குறைப்பார். களுவாஞ்சிகுடியில கடல் காத்துக்கு நிக்கிற வானில கறள் இருக்குமெண்டு அவருக்குத் தெரியாதா?

அந்தப் பெயின்ற் காசில தள்ளுற கதவு ஓடுற தண்டவாளத்தையும் கீழ்த்தட்டையும் சரியா ரிங்கரிங் (தகர வேலை) செய்விங்க. காப்பெற்றைக் கழட்டிக் காயவிடுங்க. தாந்தாமலைத் திருவிழாவுக்கு ஓடினகால சேறு இன்னும் அதுக்குக் கீழ இருக்கும். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் அடிச்சு மினுக்கச் சொன்னா விடாதீங்க. ஒழுகுற இடம் ஒழுகுற மாதிரியே தெரியட்டும், இல்லாட்டித் திருத்துங்க. பில்லுகளை மாமி அரிசிப் பெட்டிக்கு மேல கட்டி வச்சிருந்தா, அதை எடுத்து வரிசையா ஒரு பைலில போடுங்க. புகைச் சோதனைக் கடதாசி, வரிப்பத்திரம் எல்லாம் அதோட.

விலையைப் பொறுத்தவரை கன நாள் இழுக்காதீங்க. 2020 பங்குனியில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதால பழைய வானுக்கெல்லாம் ராசா விலை கிடைச்சுது. 2025 மாசியில திறந்திட்டாங்க. வரி கூட எண்டதால புதுசு எல்லாருக்கும் கையெட்டாது, எண்டாலும் வாங்க வாறவன் இனி ரெண்டு தரம் யோசிப்பான். கல்முனைப் பக்கத்து ஆள் ஒருத்தர் கேட்டதாச் சொன்னீங்களே, அவருக்கே ஒருக்காச் சொல்லிப் பாருங்க.

ஒண்டு மட்டும் கட்டாயம். கையெழுத்தை மட்டும் வச்சு, வாங்கிறவர்ட பேருக்கு மாத்தாம, ஓபின் பேப்பரில குடுத்திராதீங்க. வாகனப் பதிவுப் புத்தகம் அவர்ட பேருக்கு மாறினதைக் கண்ணால பாக்கோணும். நாளைக்கு அவர் எங்கயாவது இடிச்சா பொலிஸ் உங்கட படலையிலதான் வந்து நிக்கும்.

கதவுத் தண்டவாளத்தையும் அடித்தட்டையும் வெளிச்சத்தில படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பாத்திட்டு எது செய்யோணும், எதை விடலாம் எண்டு சொல்லுறன். மாமிட முழங்கால் மருந்துக்கு இந்த மாசம் கொஞ்சம் கூட அனுப்பியிருக்கன், வானுக்கு எடுக்க வேணாம்.

இப்படிக்கு
உங்கட மருமகன்