தட்டு ஏன் மிஞ்சுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் பால் குறைவது பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீவனத் தட்டுப்பாடு என்ற ஒரே காரணத்தோடு முடித்துவிட்டார்கள். எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் தீனி போதாத மாடுகள் உண்டுதான். ஆனால் போட்ட தட்டில், அதாவது சோளத்தட்டு, வைக்கோல் போன்ற நார்த்தீனியில், பாதியை மிச்சம் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற மாடுகளும் கட்டுத்தரைக்குக் கட்டுத்தரை இருக்கின்றன.

400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாடு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ வரை தின்ன வேண்டும். அதில் பாதிக்குமேல் தட்டும் புல்லுமாக இருப்பது நல்லது. முதல் வயிற்றில் இடம் காலியானால்தான் அடுத்த வாய் இறங்கும். வைக்கோலும் முற்றிய சோளத்தட்டும் அங்கே நெடுநேரம் தங்கிவிடும். வைக்கோலில் புரதம் 4 சதவீதம் தேறினாலே பெரிது. மொத்தத் தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களே மந்தமாகிவிடும். அப்புறம் பழைய தீனி எப்படி நகரும்? புரதம் மிகுந்த வேலிமசால் பசுந்தீவனமோ கடலைக்கொடியோ கொஞ்சம் சேர்த்துப் போட்டால் அதே வைக்கோலைக் கூடுதலாகத் தின்னும். கோ 4 என்ற தீவனப்புல்லை 45 நாளில் அறுக்காமல் ஆள் உயரம் தாண்டவிட்டு, மாடு தண்டை ஒதுக்குகிறது என்று குறைப்படுவதில் என்ன நியாயம்?

நம் சேலம் மாவட்டத்தில் முக்கியமான சங்கதி ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. அது திப்பி, மரவள்ளிக்கிழங்கில் மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது, அளவோடு கொடுத்தால் நல்ல தீனிதான். மலிவு என்பதற்காகக் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். அதில் மாவுச்சத்து மிகுதி, புரதம் சொற்பம். மாவுச்சத்து வேகமாகப் புளித்து வயிற்றில் அமிலம் ஏறும், நார் செரிப்பது தடைபடும், மாடு தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தட்டு உள்ளே போகாவிட்டால் அசைபோடுவது குறையும், எச்சிலும் குறையும். அமிலத்தை முறிப்பதே அந்த எச்சில்தான். கடைசியில் பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பு குறைந்து விலை அடிபடுகிறது. உடனே, "இன்னும் ரெண்டு கிலோ அடர்தீவனம் சேர்த்து வையுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாடு தட்டுத் தின்பது இன்னும் குறையும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ உலர்தீனிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும், வெயிலில் அதற்கும் மேல். காலையும் மாலையும் மட்டும் காட்டினால் தீனி தானாகக் குறையும். ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் நிற்கும் கலப்பின மாட்டுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கீழே சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மாடு தட்டைத்தான் முதலில் குறைக்கும், நார் செரிக்கையில் உடம்பில் சூடு கூடுவதால். பகல் பங்கைக் குறைத்து விடியற்காலையிலும் இரவிலும், நறுக்கிப் போட்டால் ஓரளவு சரியாகும்.

தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு, ஒரு மாட்டுக்குத் திப்பி எவ்வளவு வரை கொடுக்கலாம், எதோடு கலக்கலாம் என்று நம் ஊர்த் தீனிகளை வைத்தே ஒரு கட்டுரை போடுங்கள். பங்குனிக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்ப்பவர்,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.